மார்கழிக் கொட்டகையில் குஞ்சுக்குக் கதகதப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் என் போன் விடியற்காலை நாலரைக்கே அடிக்க ஆரம்பிக்கும். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கோழிக்குஞ்சு இறக்கியவர்கள், "ராத்திரி பத்து செத்துப்போச்சு, என்ன பண்றது?" என்று கேட்பார்கள். பதினைந்து வருடமாகக் குஞ்சு இறக்குகிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். நோய், தடுப்பூசி பற்றி இதில் எழுதவில்லை. சூடு ஒன்றைப் பற்றி மட்டும்.

"நம்ம ஊர்ல என்ன பெரிய குளிர்? நாமளே ராத்திரி ஃபேன் போட்டுத்தான் படுக்குறோம். குஞ்சுக்கு எதுக்குண்ணே சூடு?"

நமக்கு 28 டிகிரி செல்சியஸ் சுகமான காற்று. பொரித்து ஒரு நாளான குஞ்சுக்கு அது நடுக்கும் குளிர். அதன் எடை சுமார் 40 கிராம். உடம்பில் இறகு கிடையாது, மெல்லிய பஞ்சுதான். தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறமை முதல் இரண்டு வாரத்துக்கு அதற்கு முழுதாக வருவதில்லை. தாய்க்கோழியின் வயிற்றுக்கடியில் அதற்குக் கிடைக்கும் சூட்டை நாம் கொடுத்தாக வேண்டும்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி. பழைய கணக்கில் சொன்னால் 95 பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். மார்கழி, தையில் நம் பக்கம் விடியற்காலை 20 டிகிரிக்கு அருகில் இறங்கும். அப்படியென்றால் குஞ்சுக்கும் வெளிக்காற்றுக்கும் 15 டிகிரி இடைவெளி. அதை நிரப்புவதுதான் நம் வேலை.

"கொட்டகை நூறடி நீளம், இருபதடி அகலம். ரெண்டு பக்கமும் கம்பிவலை. இதை எப்படிங்க சூடாக்க முடியும்? கட்டுப்படியாகுமா?"

கட்டுப்படியாகாது. அதனால் அந்த முயற்சியே வேண்டாம். பக்கம் திறந்த கொட்டகையில் காற்றைச் சூடாக்கினால் அது மேலே ஏறி, கூரை இடுக்கு வழியாகப் போய்விடும். பணமும் அதே வழியில் போகும்.

மார்கழிக் காலையில் திண்ணையில் வெயில் காய்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். நிழலிலும் வெயிலிலும் காற்று ஒரே குளிர்தான். ஆனால் வெயில் படும் முதுகு சுடுகிறது. சூரியனின் கதிர் இடையில் உள்ள காற்றில் தங்காமல் நேராக வந்து உடம்பில் விழுந்து சூடாகிறது. சூட்டுக் கதிர் வீசும் இன்ஃப்ராரெட் பல்பும், கேஸ் புரூடரின் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கேஸ் அடுப்பு) சிவந்த பீங்கான் தட்டும் செய்வது அதேதான். கதிர் நேராகப் போய்க் குஞ்சின் முதுகிலும் உமித் தரையிலும் விழுகிறது. காற்று குளிராக இருந்தாலும் குஞ்சு கதகதப்பாக இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் குஞ்சுக்கு, தகடோ அட்டையோ வளைத்துத் தடுத்த எட்டடி விட்ட வட்டம் நாலு போதும். ஒரு வட்டம் 50 சதுர அடி, நாலும் சேர்ந்து 200. உங்கள் கொட்டகை 2,000 சதுர அடி. பத்தில் ஒரு பங்கைத்தான் சூடாக்கப் போகிறீர்கள். மீதி இடம் குளிர்ந்தே கிடக்கட்டும். அந்த நாலு வட்டத்தையும் கொட்டகையின் ஒரே கோடிக்குக் கொண்டுவந்து, குறுக்கே ஒரு படுதாவைத் தொங்கவிட்டு அடைத்துவிடுங்கள். ஆறேழு அடி உயரத்தில் வெள்ளைச் சாக்குப் படுதாவைப் பந்தல் மாதிரி கட்டினால் இன்னும் நல்லது.

"எத்தனை குஞ்சுக்கு எத்தனை பல்பு?"

கோடையில் குஞ்சுக்கு ஒரு வாட், மழை, பனிக் காலத்தில் இரண்டு வாட். 250 குஞ்சு உள்ள ஒரு வட்டத்துக்கு 250 வாட் பல்பு இரண்டு. ஒரே பெரிய பல்பாக வேண்டாம். ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று விடியும்வரை உயிரைக் காப்பாற்றும்.

சிவப்பு பல்பா, வெள்ளையா என்றும் உடனே கேட்பார்கள். சூடு இரண்டிலும் ஒன்றுதான். சிவப்பு வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவது குறையும்.

"எங்கிட்ட குழுவுல கொடுத்த நாட்டுக்கோழிக் குஞ்சு நாப்பதுதான் இருக்கு தம்பி. இதுக்கும் இத்தனை ஏற்பாடா?"

இல்லை அக்கா. உயரமான அட்டைப்பெட்டி அல்லது தகரத்தை வட்டமாக வளைத்து மூன்றடி விட்டத்தில் ஒரு தடுப்பு, அதற்குமேல் நூறு வாட் குண்டு பல்பு ஒன்று. தடுப்பு சதுரமாக மட்டும் இருக்கக் கூடாது. மூலை இருந்தால் குளிரில் எல்லாம் அங்கே ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளது மூச்சு முட்டிச் செத்துவிடும். அட்டைப்பெட்டி என்றால் உள்மூலைகளில் அட்டையை வளைத்து ஒட்டிவிடுங்கள். பல்பு அட்டைக்கு ஒன்றரை அடியாவது தள்ளியே இருக்கட்டும்.

"பல்பை எவ்வளவு உயரத்துல தொங்க விடணும்?"

உமியிலிருந்து ஒன்றரை அடியில் ஆரம்பியுங்கள். வாரம் இரண்டு, மூன்று அங்குலம் ஏற்றுங்கள். ஏற்றி இறக்கச் சங்கிலி போட்டுக்கொண்டால் கொக்கியைக் கண்ணி மாற்றி மாட்டினால் போதும்.

இந்த ஒன்றரை அடியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நான் குஞ்சு இறக்கியபோது தலையில் இடிக்காமல் இருக்கட்டும் என்று பல்பை நாலடியில் கட்டினேன். பல்பு எண்ணிக்கை சரி, வாட் சரி, கரண்டும் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலையில் அறுபது குஞ்சு அள்ளிப் புதைத்தேன். கதிர் விரிந்துகொண்டே போகும். தூரம் இரண்டு மடங்கானால் ஒரு குஞ்சின் மேல் விழும் சூடு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். மேலே ஒரு தகட்டுக் குடை மாட்டினால் கூரைப் பக்கம் போகும் கதிரும் கீழே திரும்பும். பளபளப்பான அலுமினியத் தகடு மிக நல்லது, ஆனால் உமித்தூசி படிந்தால் அந்தக் குணம் போய்விடும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை, பல்பை அணைத்து ஆறவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். செலவே இல்லாமல் சூட்டைக் கூட்டும் வழி இதைவிட வேறில்லை.

"எல்.இ.டி. போட்டா கரண்ட் மிச்சமாகுமே? வீட்டுக்கெல்லாம் அதைத்தானே போடச் சொல்றாங்க?"

வீட்டுக்கு அது சரி. கொட்டகைக்கு இங்கே வேண்டியது வெளிச்சம் இல்லை. குண்டு பல்பு தின்னும் கரண்டில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகத்தான் வெளியே வருகிறது. வீட்டில் அது நஷ்டம், குஞ்சுக்கு அதுவே உணவு மாதிரி. எல்.இ.டி. கீழே நோக்கிச் சூட்டுக் கதிரை அனுப்புவதே இல்லை. குண்டு பல்பு கடையில் கிடைக்காமல் போனதும் சிலர் எல்.இ.டி. மாட்டிவிட்டு, வெளிச்சமாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் பண்ணைச் சாமான் கடையில் 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பாகக் கேட்டு வாங்குங்கள்.

"தெர்மாமீட்டர் 35 காட்டுது. ஆனா குஞ்சு கத்திக்கிட்டே இருக்கு. எதை நம்புறது?"

குஞ்சை நம்புங்கள். முதலில் தெர்மாமீட்டர் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். கண் உயரத்தில் தூணில் மாட்டியிருந்தால் அது சொல்வது உங்களுக்கான சூடு. உமியிலிருந்து இரண்டு அங்குலத்தில், வெளிச்சக் குடையின் ஓரத்துக்கு நேராக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சாதாரணத் தெர்மாமீட்டர் காற்றின் சூட்டையே பெரும்பாலும் சொல்லும், கதிரின் சூட்டைச் சரியாகச் சொல்லாது. குமிழைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு அடித்த உருண்டை இருந்தால் கதிரையும் சேர்த்துக் காட்டும். இப்போது பலர் கையில் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் இருக்கிறது. அது காற்றை அளக்காது, எந்தப் பரப்பை நோக்கிப் பிடிக்கிறோமோ அதன் சூட்டைச் சொல்லும். உமியை அளக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

கருவியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குஞ்சுகள் பல்புக்கு நேர் கீழே குவிந்து கீச்சுக் குரலில் கத்தினால் சூடு போதவில்லை. தடுப்போரம் ஒதுங்கி, சிறகை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரி. குஞ்சின் காலை எடுத்து உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால், எந்தக் கருவி என்ன சொன்னாலும், அது குளிரில் இருக்கிறது.

"எல்லாக் குஞ்சும் தெக்குப் பக்கமே ஒட்டிக்கிட்டு நிக்குது. பல்பு நடுவுலதானே இருக்கு?"

வாடை. வடக்கிலிருந்து தரையோடு ஒரு காற்று வருகிறது, உங்களுக்குத் தெரியாது. குந்தி உட்கார்ந்து, ஈரக் கையைத் தடுப்போரம் தரைமட்டத்தில் காட்டுங்கள், எந்த இடுக்கு என்று தெரிந்துவிடும். குறைந்தது ஒன்றரை அடி உயரத் தகடோ அட்டையோ சுற்றிலும் இருந்தால் இது வராது. கதிரின் சூட்டைக் காற்று நேரடியாகத் திருடாது, ஆனால் குஞ்சின் உடம்பிலிருந்து திருடிக்கொண்டு போகும்.

"மேலேர்ந்து இவ்வளவு சூடு கொடுத்தும் கால் ஏன் ஜில்லுனு இருக்கு? உமி எத்தனை கனம் போடணும்?"

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொன்னதை நான் ஒவ்வொரு வருடமும் கொட்டகையில் கண்ணால் பார்க்கிறேன். தரையும் கூரையும்தான் நம் எதிரிகள்.

நம் டெல்டா மண் களி. மழைக்காலத்தில் நிலத்தடித் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும், தரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வயல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு அடி மேடாக்கித்தான் கொட்டகைத் தரை போட வேண்டும். ஏற்கெனவே தாழ்வாகக் கட்டிவிட்டவர்கள் தரையில் தார்ப்பாய் விரித்து, அதற்குமேல் உமியைக் கொட்டலாம். காய்ந்த உமி இரண்டு அங்குலம் போதும், மழைக்காலத்தில் மூன்று. உமிக்கு நடுவில் சிக்கிய காற்றுதான் சூட்டைத் தடுத்து நிறுத்துகிறது. நனைந்தால் அந்தக் குணம் போய்விடும். அதோடு, ஒரு லிட்டர் ஈரம் ஆவியாக முக்கால் யூனிட் கரண்டுக்குச் சற்றே குறைவான சூடு வேண்டும். தண்ணீர்த்தட்டு கவிழ்ந்து ஒரு குடம் கொட்டினால், பத்து யூனிட் சூட்டை உமி குடித்துவிடும். ஒரு கை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அந்த இடத்தை வாரி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். ரத்தக்கழிச்சலும் ஈர உமியிலிருந்துதான் கிளம்பும்.

கூரை விஷயம் பலருக்குத் தெரியாது. மேகம் இல்லாத பனி இரவில் கூரை ஷீட் தன் சூட்டை வானத்துக்குக் கதிராகவே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியலில் ஷீட்டின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டுவது அதனால்தான். கீழே படுத்திருக்கும் குஞ்சும் அந்தக் குளிர்ந்த ஷீட்டை நோக்கித் தன் சூட்டை இழக்கிறது. மேலே சொன்ன சாக்குப் பந்தல் இதற்கும் மருந்து.

கடைசியாக ஒன்று. குஞ்சு வந்து இறங்கிய பிறகு பல்பைப் போடாதீர்கள். ஒரு நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். பல்லடத்திலோ நாமக்கல்லிலோ ஏற்றி இரவு முழுக்கப் பயணம் செய்து வரும் குஞ்சு, கால் வைத்ததும் சூடான உமியில் வைக்க வேண்டும்.

"படுதாவை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிட்டா சூடு வெளியே போகாதுல்ல?"

சூடு போகாது, கெட்ட காற்றும் போகாது. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா கண்ணைக் கரிக்கும் அளவுக்கு ஏறினால் குஞ்சின் மூச்சுக்குழல் ஏற்கெனவே புண்பட்டுவிட்டது என்று அர்த்தம். கேஸ் எரிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்குமேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். மூடிய கொட்டகையில் அது கூரையில் வேர்த்து உமியில்தான் விழும்.

படுதாவைக் கீழே கட்டி மேலிருந்து திறக்கும்படி மாட்டுங்கள். மேல் அரை அடி, ஓரடி எப்போதும் திறந்திருக்கட்டும். குஞ்சு மட்டத்தில் காற்றில்லை, தலைக்குமேல் காற்றோட்டம் உண்டு. காற்றைச் சூடாக்கும் முறையாக இருந்தால் இப்படித் திறப்பது பண நஷ்டம். நாம்தான் கதிரால் சூடாக்குகிறோமே, தைரியமாகத் திறக்கலாம்.

"கேஸ் புரூடர் வாங்கலாமா, கரண்டே போதுமா?"

500 குஞ்சு வரை கரண்ட் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்குமேல் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் குஞ்சுக்கு 2,000 வாட். மாலை ஐந்திலிருந்து காலை ஏழு வரை 14 மணி நேரம் ஓடினால் 28 யூனிட்.

ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட 12.8 யூனிட் சூடு. ஆனால் கேஸ் புரூடரில் ஏறக்குறையப் பாதிதான் கதிராகக் கீழே வரும், மீதி சூடான காற்றாக மேலே போய்விடும். ஆகவே ஒரு கிலோ கேஸை ஆறேழு யூனிட்டுக்குச் சமமாக நான் வைத்துக்கொள்கிறேன். 19 கிலோ சிலிண்டர் விலையை 19ஆல் வகுத்து, உங்கள் ஆறேழு யூனிட் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். எது குறைவோ அது. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கொட்டகையில் மாட்டுவது சட்டப்படி தவறு. அதேபோல் பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து கொட்டகைக்கு ஒயர் இழுக்காதீர்கள்.

விலை என்னவாக இருந்தாலும், கேஸுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கரண்ட் போனாலும் எரியும்.

"எங்கப்பா காலத்துல மண்சட்டியில கரியைப் போட்டு நடுவுல வைப்பாங்க. அது தப்பா?"

சூட்டில் தப்பில்லை. கனலும் சட்டியும் கதிர்தான் வீசுகிறது, விஞ்ஞானம் ஒன்றே. ஆபத்து கார்பன் மோனாக்சைடில். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. மூடிய கொட்டகையில் குஞ்சு தூங்கியபடியே செத்துக்கிடக்கும். அதைவிட எனக்குப் பயம், குளிருக்காகக் கொட்டகைக்குள்ளேயே படுக்கும் காவலாளுக்கு. கரி வைத்தே ஆக வேண்டும் என்றால் வெளியே புகையடங்கும்வரை எரித்து, செங்கல்மேல் வைத்து, சுற்றிலும் கம்பிவலை கட்டி, படுதாவை, படுதா பற்றிய பதிலில் சொன்னதைவிட இரண்டு மடங்கு திறந்து வையுங்கள். அந்தக் கொட்டகையில் மனுஷர் யாரும் படுக்கவே கூடாது.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். ஆனா ராத்திரி மட்டும் சூடு குறையுதே?"

வோல்டேஜைப் பாருங்கள். இரவில் சுற்றிலும் மோட்டார்கள் ஓடும்போது 230 வோல்ட் 180க்கு இறங்கினால், பல்பின் சூடு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பல்பு எரிகிறதே என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பல்பு கூடுதலாக, தனி சுவிட்சோடு மாட்டி வையுங்கள்.

"கஜா புயல் மாதிரி ஒண்ணு வந்து கரண்டே இல்லாம போனா?"

2018 நவம்பர் 16 விடியற்காலையை நாம் யாரும் மறக்கவில்லை. சில கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் காகிதத்தில் 1.8 யூனிட் இருக்கும், கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இரண்டு 250 வாட் பல்பு இரண்டரை மணி நேரம் எரிந்தால் பெரிது.

விறகு அடுப்பும் தண்ணீர்க் கேன்களும் இருந்தால் குஞ்சு பிழைக்கும். 20 லிட்டர் கேனில் 60 டிகிரிச் சூட்டில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, சாக்கைச் சுற்றி வட்டத்துக்குள் படுக்க வையுங்கள். அது 40க்கு ஆறுவதற்குள் கிட்டத்தட்ட அரை யூனிட் சூட்டைக் கொடுத்துவிடும், ஒரு 250 வாட் பல்பு இரண்டு மணி நேரம் எரிந்த மாதிரி. கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், கேன் இளகிவிடும். வட்டத்தைச் சுருக்குங்கள், நூறு நூறாகப் பிரியுங்கள், மேலே சாக்கைத் தாழ்வாகக் கட்டுங்கள். கஜாவுக்குப் பிறகான நாட்களில் என் வீட்டம்மாவும் நானும் முறைபோட்டு இப்படித்தான் தண்ணீர் மாற்றினோம். 400 குஞ்சில் 31 போனது. மீதி வளர்ந்தது.

"என்னோடது கீத்துக் கொட்டகை. பல்பு போடப் பயமா இருக்கு."

பயப்பட வேண்டியதுதான். உமி பொசுபொசுவென்று உள்ளுக்குள் கனன்று, நீங்கள் தூங்கிய பிறகுதான் கொழுந்துவிடும். பல்பை ஒயரில் தொங்கவிடாதீர்கள், சங்கிலியில் கட்டுங்கள், அறுந்தால் தாங்க இன்னொரு கம்பியும் போடுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் இளகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் பல்பு வேண்டாம், சூடான கண்ணாடி வெடிக்கும். கீற்றுக் கொட்டகைக்குள் கேஸ் புரூடர் வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. ஷீட் கொட்டகையிலும் சிலிண்டர் சுவருக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

"காடைக்கும் வாத்துக்கும் இதே கணக்குதானா?"

காடைக்குஞ்சு பத்து கிராம்கூட இருக்காது. உடம்பு சிறுக்கச் சிறுக்கச் சூடு வேகமாகப் போகும். முதல் வாரம் 37 டிகிரி வேண்டும், தண்ணீர்த்தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனைந்து செத்துவிடும். வாத்துக்குஞ்சுக்கு 32 போதும், ஆனால் அது உமியை நனைத்துக்கொண்டே இருக்கும். ஈர உமி பற்றிய பதிலை இன்னொரு தடவை படித்துவிட்டு இறங்குங்கள்.

"எப்போ பல்பை நிறுத்தலாம்? மூணு வாரம் ஆனதும் எடுத்துடலாம்னு சொல்றாங்களே?"

வாரக் கணக்கைவிட இறகைப் பாருங்கள். முதுகும் மார்பும் இறகால் மூடியிருந்தால் எடுக்கலாம். பிராய்லருக்குக் கோடையில் இரண்டு வாரம், பனியில் மூன்று. நாட்டுக்கோழிக்கு இறகு மெதுவாகத்தான் வரும், மார்கழியில் நாலு வாரம்கூட ஆகும். முதலில் பகலில் அணையுங்கள், பிறகு முன்னிரவில். கடைசியாக நிறுத்த வேண்டியது விடியலுக்கு முந்தைய மூன்று மணி நேரம்.

நிறுத்திய பிறகு தொடர்மழை பிடித்துக்கொண்டால் தயங்காமல் திரும்பப் போடுங்கள், சங்கிலியும் ஹோல்டரும் மேலேயே இருக்கட்டும். சூடு சரியாக இருந்தும் குஞ்சு சாகிறது என்றால் அது வேறு விஷயம். செத்த குஞ்சைப் புதைக்காமல் அன்றைக்கே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.